ரிப்பன் அக்கா நம்பர் குத்திக்கொண்ட வருஷம்

ரிப்பன் அக்காவைப் பற்றி யார் பேச்செடுத்தாலும் இப்போதும் முதலில் சிரிப்புதான் வருகிறது. அவள் இறந்துபோய் ஒரு கோடை முடிந்துவிட்டது. ஆனாலும் டிப்போவில் யாரும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு அவளைப் பற்றிப் பேசுவதில்லை. "அந்த மலை ஓட்டத்துல ஒரு தடவை அக்கா என்ன பண்ணாங்க தெரியுமா?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். தெரியும் என்று சொன்னாலும் விடமாட்டார்கள்.

அவள் வேலை பஸ் சீட் தைப்பது. டிப்போவின் பின்பக்கம், டயர் அடுக்கிய கொட்டகையை ஒட்டி ஒரு நீள அறை. உள்ளே கனமான தையல் மெஷின் ஒன்று, ஆளுயரத்துக்கு ஃபோம் தகடுகள், சுவரோரம் சிவப்பு ரெக்சின் சுருள்கள், எலும்புக்கூடு மாதிரி வரிசையாகக் கிடக்கும் இரும்புச் சட்டங்கள். கிழிந்த சீட் வந்தால் முதலில் பழைய தையலைப் பிரிக்க வேண்டும். பிரிப்பதுதான் பாதி வேலை. வாய் ஒரு பக்கம் கதை பேசிக்கொண்டிருக்கும், கண் எந்த பஸ் உள்ளே வருகிறது என்று ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருக்கும், கை தன்பாட்டுக்குப் பிரித்துக்கொண்டே போகும். இருபத்தாறு வருஷம் அப்படி.

அவள் புருஷன் அதே டிப்போவில் டிரைவர். பதினாலாம் நம்பர் பஸ், இருபத்திரண்டு வருஷமாக ஒரே ரூட். முதன்முதலில் அவர் அந்த அறைக்குள் வந்ததே புகார் சொல்லத்தான்.

"டிரைவர் சீட்ல ஸ்பிரிங் குத்துதுங்க."

"குத்தினா தூக்கம் வராது. பயணிகளுக்கு நல்லதுதானே," என்றாள் அவள், தலையைத் தூக்காமல்.

அதற்கப்புறம் அவர் சீட்டில் வாரத்துக்கு ஒரு ஸ்பிரிங் குத்த ஆரம்பித்தது. எட்டு மாதத்தில் கல்யாணம்.

மலை ஓட்டத்தை ஆரம்பித்தவர் பல் டாக்டர். ஊருக்குப் பின்னால் இருக்கும் மலையில், கோடையின் நடுவில், இருபத்திரண்டு கிலோமீட்டர். பள்ளிக்கூட மைதானத்தில் விடிகாலை ஐந்தரைக்குக் கிளம்பி, கல்குவாரி வழியாக ஏறி, முகட்டோடு போய், மறுபக்கம் காய்ந்த ஓடையில் இறங்கி, பத்து மணிக்குள் மைதானத்துக்குத் திரும்ப வேண்டும். பத்துக்கு மேல் வெயில் ஆளைச் சுட்டுவிடும். அதனால் நாலரை மணி நேரம்தான் கெடு. தாண்டி வந்தால் தண்ணீர் உண்டு, கைதட்டல் உண்டு, பட்டியலில் இடம் கிடையாது. "பல்லைப் பிடுங்கினது போதாதுன்னு உயிரையும் பிடுங்கறாரு," என்று ஊரில் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் பெயர் கொடுப்பார்கள்.

மலையில் பாதை ஒன்றாக இருக்காது. ஆடு போன தடமெல்லாம் பாதை மாதிரியே தெரியும். வழி காட்டப் புதருக்குப் புதர் சிவப்பு நாடா கட்ட வேண்டும். முதல் வருஷம் அதற்கு மிச்ச ரெக்சின் கேட்டுக்கொண்டு டாக்டர் டிப்போவுக்கு வந்தார். இருநூறு துண்டு கீற்றிக் கொடுத்ததோடு, கட்டுகிற முடிச்சையும் அவளே சொல்லிக் கொடுத்தாள். சுருக்கு முடிச்சு. காற்றுக்கு அவிழாது, வாலைப் பிடித்து ஒரு இழு இழுத்தால் கையோடு வந்துவிடும். ஓட்டத்தன்று, எல்லாருக்கும் பின்னால் நடந்து நாடாக்களை அவிழ்த்துக்கொண்டு வர வேண்டிய ஆள் கால் சுளுக்கிப் படுத்துவிட்டான். டாக்டர் அவளைப் பார்த்தார்.

"நீங்க சும்மா பின்னாடியே நடந்து வாங்க. கடைசி ஆளுக்குத் துணையாவும் இருக்கும்."

அந்தச் சும்மா ஒன்பது வருஷம் நீண்டது. ஒன்பது கோடையும் கடைசி ஆளுக்குப் பின்னால் அவள் நடந்தாள். அழுதவர்களுக்கு ஈரத்துணி கொடுத்தாள், ஷூ பிய்ந்தவர்களுக்குத் தைத்துக் கொடுத்தாள், "இன்னும் எவ்வளவு தூரம்?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் "இதோ, அந்தத் திருப்பம்தான்" என்று கூசாமல் பொய் சொன்னாள். ஊரில் அவள் சொந்தப் பெயர் மறந்துபோய் ரிப்பன் அக்கா என்றே ஆகிவிட்டது.

ஒன்பதாவது வருஷம், நூலகத்தில் புத்தகம் எடுத்துக் கொடுக்கிற அம்மா, அறுபது வயசுக்காரி, அவளோடு கடைசியாக வந்து சேர்ந்தார். மைதானத்தில் பந்தலைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள்.

"எனக்கு அஞ்சு மணி பத்து நிமிஷம் ஆச்சு. உனக்கு எவ்வளவும்மா?"

"உங்களுக்கு ஆனதுதான் எனக்கும்."

"அது என் நேரம்மா. உன் நேரம் எவ்வளவு?"

ஒரு வாரம் அவளுக்குள் அந்தக் கேள்வி முள் மாதிரிக் கிடந்தது. பிறகு சாப்பாட்டுத் தட்டில் கை வைத்தபடி புருஷனிடம் சொன்னாள்.

"அடுத்த வருஷம் நான் ஓடப்போறேன். நம்பர் குத்திக்கிட்டு. அந்த மலைக்கு என் டைம் எவ்வளவுன்னு எனக்குத் தெரியணும். பட்டியல்ல எழுதியிருக்கணும்."

"எழுதினா?"

"எழுதினா படிப்பேன்."

மறுநாளிலிருந்து ஷிஃப்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால் வந்து, நிறுத்தியிருக்கும் எண்பது பஸ்ஸையும் சுற்றிச் சுற்றி ஓட ஆரம்பித்தாள். வண்டி எடுக்க வருகிற டிரைவர்களுக்குக் கொண்டாட்டம்.

"அக்கா, பஸ்தான் எல்லாம் இங்கயே நிக்குதே, எதைப் பிடிக்க ஓடறீங்க?"

"உங்க வண்டியவிட நான் சீக்கிரம் போயிடுவேன்டா. அதான் பழகிக்கறேன்."

மாதம் பத்து போனதில் இளைத்தாள், கறுத்தாள், மாடிப்படியை இரண்டு இரண்டாக ஏறினாள். டாக்டர்தான் கையைப் பிசைந்தார். பின்னால் வர ஆள் வேண்டும், இல்லாவிட்டால் ஓட்டத்தை நடத்த முடியாது. யாரும் கிடைக்கவில்லை. கடைசியில் ஒருநாள் அவள் புருஷன் டாக்டரிடம் போய் நின்றார். மூலைக் கடைக்கு வத்திப்பெட்டி வாங்கக்கூட பைக்கில் போகிற மனுஷன் அவர்.

"நான் வர்றேன் டாக்டர். உட்கார்ந்தே வேலை பார்த்தவன்தான். ஆனா லேட்டா வர்றதுல எனக்கு அனுபவம் உண்டு."

அந்த வருஷம் நாற்பத்தாறு பேர். அவளுக்கு நம்பர் முப்பத்தொன்று. சட்டையில் நாலு ஊக்கு குத்தி, இடுப்பில் சின்னப் பை கட்டி, வெளுக்காத வானத்தின் கீழே நின்றபோது அவளுக்குச் சிரிப்பும் பயமும் ஒன்றாக வந்தன. பின்னால், தோளில் சாக்குப் பையோடு புருஷன். "பாத்து போ. ஓவர்டேக் பண்ணும்போது வலது பக்கம் பாரு," என்றார்.

விசில் ஊதியது.

குவாரி ஏற்றத்தில் கூட்டத்தோடு கூட்டமாக ஏறினாள். மூச்சு சீராக இருந்தது. இதே ஏற்றத்தில் ஒன்பது வருஷமும் அவள் பார்த்தது அடுத்தவர் முதுகை மட்டும்தான். இப்போது அந்த முதுகுகளைத் தாண்டினாள். ஒவ்வொருவரைத் தாண்டும்போதும் "வர்றேங்க" என்று சொல்லிக்கொண்டே தாண்டினாள், பந்தியிலிருந்து எழுந்து போகிறவள் மாதிரி. எட்டாவது கிலோமீட்டரில், வெடித்துப் பிளந்த பெரிய பாறை ஒன்றைக் கடந்ததும் கூட்டம் கலைந்தது. முன்னால் போனவர்கள் கண்ணுக்கு மறைந்தார்கள், பின்னால் வருபவர்களின் சத்தம் கேட்கவில்லை. முகட்டில் அவளும் காற்றும் மட்டும். சூரியன் அப்போதுதான் மேலேறிக்கொண்டிருந்தது. கீழே ஊர், பல் தேய்க்காத முகம் மாதிரி மங்கலாகக் கிடந்தது. இப்படி ஒரு சந்தோஷம் கடைசியாக எப்போது வந்தது என்று யோசித்துப் பார்த்தாள். ஞாபகம் வரவில்லை. யோசிப்பதை விட்டுவிட்டு ஓடினாள்.

பத்தாவது கிலோமீட்டரில், ஒரு மேஜையும் தண்ணீர்க் கேன்களும் வைத்துக்கொண்டு ஒரு நர்ஸ் உட்கார்ந்திருந்தாள். கடப்பவர்களின் நம்பரை நோட்டில் குறிப்பது அவள் பொறுப்பு.

"முப்பத்தஞ்சாவது ஆளு நீங்க. மணி ஏழு இருபது. சூப்பர் அக்கா, இதே மாதிரி போனா ஒன்பதரைக்கே முடிச்சுடுவீங்க." டம்ளரை நீட்டியவள் நிறுத்தினாள். "ஆமா, கையில என்ன?"

ரிப்பன் அக்கா குனிந்து கையைப் பார்த்தாள்.

இடது கை நிறையச் சிவப்பு நாடா. இடுப்புப் பையைத் தொட்டாள். அது புடைத்துக்கொண்டிருந்தது. நாடா. சட்டை இடுக்கிலும் இரண்டு செருகியிருந்தாள். எப்போது அவிழ்த்தாள், எப்படி அவிழ்த்தாள், ஒன்றும் தெரியவில்லை. கூட்டம் இருந்தவரை கை சும்மா இருந்திருக்கிறது. பாதையில் தனியாளாக ஆனதும், ஒன்பது வருஷப் பழக்கத்தில், அது தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டது. வெடித்த பாறையிலிருந்து இங்கே வரைக்கும், இரண்டு கிலோமீட்டருக்கு, ஒன்றைக்கூட மிச்சம் வைக்கவில்லை.

அந்த இரண்டு கிலோமீட்டருக்குள் இரண்டு இடத்தில் ஆட்டுத்தடம் பிரிகிறது. இரண்டும் மலைக்கு அந்தப் பக்கம் இறங்கும். அங்கே தண்ணீர் கிடையாது, நிழல் கிடையாது, போனுக்கு சிக்னலும் கிடையாது.

"இன்னும் எத்தனை பேர் வரணும்?"

நர்ஸ் நோட்டைப் பார்த்தாள். "பதினொரு பேர். அப்புறம் உங்க வீட்டுக்காரர்."

"அவரு பதினாலாம் நம்பர் ரூட்டைத் தவிர வேற ரூட்டே தெரியாதவரு," என்றாள் அக்கா. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, வந்த வழியே திரும்பி ஏறினாள்.

"அக்கா, உங்க டைம்?" என்று நர்ஸ் கத்தியது பின்னால் கேட்டது.

அவிழ்த்த கைதான் கட்டவும் செய்தது. எந்தப் புதரில் எந்தக் கிளை என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. கட்டினாள், ஓடினாள், கட்டினாள். முதலில் நாலு பேர் எதிரே வந்தார்கள், ஒருவர் காலடியை ஒருவர் பார்த்துக்கொண்டு.

"அக்கா, அந்தப் பக்கம்தான் மைதானம்," என்றான் ஒருவன்.

"தெரியும். நீ போ."

தண்ணீர் மேஜைக்குக் கிட்ட இருந்த பிரிவில் ஐந்து பேர் நின்று சட்டசபை நடத்திக்கொண்டிருந்தார்கள். இடதுபக்கம் என்று இரண்டு பேர், வலதுபக்கம் என்று இரண்டு பேர், ஐந்தாவது ஆள் நடுநிலை வகித்து வாழைப்பழம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இடதுபக்க ஆட்கள் ஆட்டுத்தடத்தில் இருபது அடி இறங்கியும் இருந்தார்கள்.

"ஏறி வாங்க, அது ஆட்டுக்கு வழி."

"நாடா ஒண்ணையும் காணோமேக்கா?"

"நான்தான் அவுத்தேன். திட்டறதை மைதானத்துல வச்சுத் திட்டுங்க. இப்ப வலதுபக்கம் போங்க."

ஒன்பது பேர் ஆயிற்று. இன்னும் இரண்டு பேரும் அவரும். வெடித்த பாறைக்குக் கிட்ட இருக்கும் பிரிவில் யாரும் இல்லை. ஆட்டுத்தடத்தில் எட்டிப் பார்த்தாள். புழுதியில் ஏதோ தடம் இருந்தது, ஷூவா குளம்பா என்று தெரியவில்லை. அங்கே இரட்டை நாடாவாகக் கட்டிவிட்டுப் பாறையை நோக்கி ஓடினாள்.

பாறை நிழலில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நூலக அம்மா, ஸ்டுடியோ வைத்திருக்கும் போட்டோக்காரர், நடுவில் அவள் புருஷன். அவர் ஏதோ நகைச்சுவை சொல்லி முடித்திருக்க வேண்டும். நூலக அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அவளைக் கண்டதும் புருஷன் எழுந்தார். "என்ன, அடுப்பை அணைக்காம வந்துட்டியா? இந்தப் பக்கமா ஓடி வர்ற."

"ஏன் இங்கயே உட்கார்ந்துட்டீங்க?"

"இதுவரைக்கும் நாடா இருந்துச்சு. இதுக்கு மேல இல்ல. ரோடு தெரியலைன்னா வண்டிய ஓரங்கட்டிட்டு நிக்கணும். டிரெய்னிங்ல முதல் நாள் சொல்லிக்கொடுத்தது. பயணிங்களையும் இறங்கிப்போக விடக்கூடாது."

"நான் போறேன்னுதான் சொன்னேன்," என்றார் போட்டோக்காரர். "அண்ணன் கதவைச் சாத்திட்டாரு."

அவளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. பையைத் திறந்து, மிச்சமிருந்த நாலைந்து நாடாவைக் காட்டினாள். "எல்லாம் நான்தான் அவுத்துட்டேன். என்னை அறியாம."

மூவரும் பையைப் பார்த்தார்கள். அவளைப் பார்த்தார்கள். முதலில் வெடித்துச் சிரித்தவர் நூலக அம்மா. பிறகு மற்ற இரண்டு பேரும். அவளும் அழுகிற மாதிரி ஆரம்பித்துச் சிரிப்பில் போய் முடித்தாள்.

"ஒன்பது வருஷம் கழிச்சு உன் வேலையைச் செய்ய நான் மலையேறி வந்தா, அதையும் நீயே முடிச்சுட்டுப் போயிட்டியா? அப்ப நான் எதுக்கு?" என்றார் புருஷன். உடனே கைக்கடிகாரத்தைப் பார்த்து முகம் மாறினார். "மணி ஏழு அம்பத்திமூணு. பத்து மணிக்கு ரெண்டு மணி நேரம் ஏழு நிமிஷம் இருக்கு. பதினாலு கிலோமீட்டர். ஓடு."

"இவங்களுக்கு என்னால நேரம் போச்சே."

"அதை நான் பாத்துக்கறேன். நீ ஓடு." குனிந்து இரண்டு கூழாங்கற்களை எடுத்து அவள் உள்ளங்கைக்கு ஒன்றாக வைத்து மூடினார். "மைதானம் வர்ற வரைக்கும் கையைத் திறக்காத."

ஓடினாள். இம்முறை அழகு பார்க்கவில்லை, ஊரைப் பார்க்கவில்லை. மேஜையில் நர்ஸ் தண்ணீரை அவள் வாயிலேயே ஊற்றினாள், கை இரண்டும் மூடியிருந்ததால். சட்டசபைக்காரர்கள் ஐந்து பேரையும் ஓடைக்கு முன்னால் பிடித்தாள். "மறுபடியும் அவுக்கப் போறீங்களா?" என்று ஒருவர் கேட்டார். இரண்டு முஷ்டியையும் தூக்கிக் காட்டிவிட்டுத் தாண்டினாள்.

காய்ந்த ஓடைதான் அந்த ஓட்டத்தில் எல்லாரையும் கவிழ்க்கிற இடம். நாலு கிலோமீட்டருக்கு உருண்டைக் கற்கள். வேகமாக ஓடுகிறவர்கள் அந்த ஓடையில் எந்தக் கல்லையும் கவனிப்பதில்லை. அழுகிறவர்களையும் நொண்டுகிறவர்களையும் ஒவ்வொரு கல்லாகக் கைப்பிடித்து இறக்கியவளுக்கு எந்தக் கல் ஆடும், எந்தக் கல் தாங்கும் என்று கால் அறிந்திருந்தது. கல்லுக்குக் கல் தாவினாள். ஓடை முடிந்தபோது மணி ஒன்பது பத்து. தொடை எரிந்தது, நாக்கு ஒட்டிக்கொண்டது, வெயில் பிடரியில் உட்கார்ந்து சவாரி செய்தது. மனசு மட்டும் காற்றடித்த டயர் மாதிரித் துள்ளியது.

கடைசி ஆறு கிலோமீட்டர் தார்ச்சாலையும் வயல்வரப்பும். நாலாவதில் நடந்தாள்; சட்டசபைக்காரர்கள் ஐந்து பேரும் அவளை மறுபடி தாண்டிப் போனார்கள். ஐந்தாவதில் நடந்துகொண்டே தன்னைத் திட்டினாள். பிறகு, "இதோ, அந்தத் திருப்பம்தான்," என்று தனக்கே பொய் சொல்லிக்கொண்டு மறுபடி ஓடினாள். பொய் என்று தெரிந்தும் கால் கேட்டது.

மைதான வாசலில் திரும்பியபோது யாரோ "அக்கா வர்றாங்க" என்றார்கள். பெரிய கடிகாரத்தில் ஒன்பது ஐம்பத்தெட்டு. கோட்டைத் தாண்டியபோது கிளம்பி நாலு மணி இருபத்தெட்டு நிமிஷம் நாற்பது நொடி. புல்லில் போய் விழுந்தாள். கையைத் திறந்தாள். இரண்டு கல்லும் வியர்வையில் மினுங்கின. சுற்றிப் பார்த்தாள். பந்தல் நின்றிருந்தது. நாற்காலிகள் இருந்தன. தர்ப்பூசணித் துண்டுகள் தட்டில் இன்னும் இருந்தன. ஒன்பது வருஷத்தில் அவள் அந்தத் தர்ப்பூசணியைப் பார்த்ததே இல்லை. எட்டுத் துண்டு சாப்பிட்டாள்.

பத்து இருபதுக்கு நூலக அம்மாவும் போட்டோக்காரரும் வந்தார்கள், பின்னாலேயே சாக்குப் பையோடு அவரும். டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். இருபது நிமிஷம் தாண்டிவிட்டது. அக்கா எழுந்து போய், நாடா விஷயத்தை ஒன்றுவிடாமல் சொன்னாள், எல்லாரும் கேட்கும்படி. "தப்பு என்னோடது. இவங்க காத்திருந்த நேரத்தைக் கழிச்சுடுங்க."

"எவ்வளவு நேரம்னு யாருக்குத் தெரியும்?" என்றார் டாக்டர்.

புருஷன் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். எந்த டிரிப்பிலும் வண்டி நின்றால் எழுதி வைக்கிற பழக்கம் அவருக்கு. 'நிறுத்தம்: வெடித்த பாறை. 7.28 முதல் 7.53 வரை. காரணம்: பாதை தெளிவில்லை. பயணிகள்: 2.' கீழே கையெழுத்து.

டாக்டர் அதை இரண்டு தடவை படித்தார். சிரித்துக்கொண்டே இருபத்தைந்து நிமிஷத்தைக் கழித்தார். இரண்டு பேருக்கும் நாலு மணி இருபத்தைந்து நிமிஷம். கெடுவுக்குள் வந்தாயிற்று. நூலக அம்மா கையில் இருந்த தண்ணீரைத் தலையில் கவிழ்த்துக்கொண்டார்.

பிறகு கணக்கு எல்லாருக்கும் மெதுவாகப் புரிந்தது.

"ஏம்மா, அப்ப நான் உனக்கு முன்னாடியா?" என்றார் நூலக அம்மா. "அநியாயமா இருக்கே."

"உங்களுக்கும் கழிச்சிடறேன்," என்றார் டாக்டர் அவசரமாக. "நாலு கிலோமீட்டர் கூடுதலா ஓடியிருக்கீங்க. நியாயப்படி நீங்க நடுவுல வரணும்."

"அது என் கை பண்ணின வேலை டாக்டர். கை தனி, ஆள் தனின்னு பட்டியல் போடுவீங்களா? ஆனதை எழுதுங்க."

அவர் பெரிய தாளில் எழுதினார். நாற்பத்தாறு பேர், நாற்பத்தாறு நேரம். கடைசி வரியில் அவள் பெயர், வயது நாற்பத்தொன்பது, நாலு மணி இருபத்தெட்டு நிமிஷம். அங்கே பேனாவை நிறுத்தி, "நொடி எதுக்கு, விட்டுடட்டுமா?" என்றார்.

"நாப்பது," என்றாள். "நாப்பதையும் எழுதுங்க. அதுக்கும் நான்தான் ஓடினேன்."

தாளைப் பள்ளிக்கூட கேட்டில் ஒட்டினார்கள். அவள் முன்னால் போய் நின்றாள். அவள் சொந்தப் பெயரை அவ்வளவு பெரிய எழுத்தில் அவள் பார்த்ததில்லை. புருஷன் சாக்குப் பையைத் தோள் மாற்றிக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

"படிச்சாச்சுல்ல? போலாமா? நிக்க முடியல."

"வண்டிய ஓரங்கட்டுங்க," என்றாள் அவள். "இன்னொரு தடவை படிச்சுக்கறேன்."

அவர் அங்கேயே கேட்டுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார்.